மரத்தடி வாங்கும் மூதாட்டியரும்

நோயுற்றவன் வைத்தியனைத் தேடிச் செல்வதா, வைத்தியன் நோயுற்றவனைத் தேடிச் செல்வதா என்பது பழைய வினா. உடம்பில் நோய் கண்டவன் முனகியேனும் தன் வருத்தத்தைப் புலப்படுத்துவான். அயலார் அவனைத் தூக்கிக்கொண்டேனும் வைத்தியசாலைக்குப் போவர். மனத்தில் நோய் கண்டவனோ வாய் திறவான். திறந்தாலும், ‘இதுவும் ஒரு நோயா?’ என்று கேட்பதற்கு நாலுபேர் இருப்பர். ஆதலால் உளநோயைப் பொறுத்தவரையில், வைத்தியசாலையின் வாயில் எவ்வளவு அகலத் திறந்திருந்தாலும், அவ்வாயிலுக்கும் நோயாளியின் வீட்டுக்கும் இடையே கிடக்குந் தூரமே பெருந் தடையாகிவிடுகின்றது. இத்தூரத்தைக் குறைப்பதற்காக ஆபிரிக்காக் கண்டத்தின் தென்பாகத்திலுள்ள சிம்பாப்வே நாட்டில் எழுந்த முயற்சி ஒன்று இன்று பல நாட்டாராலும் பேசப்படுகின்றது. அதனை முன்னின்று நடத்துவோர் பட்டம் பெற்ற வைத்தியர் அல்லர்; பேரப்பிள்ளைகளைக் கண்ட மூதாட்டியர்.

இம்முயற்சியின் தொடக்கத்தில் ஒரு மரணம் உண்டு. டிக்சன் சிபண்டா என்பவர் சிம்பாப்வே நாட்டின் தலைநகராகிய ஹராரேயிலே பணியாற்றிய உளநோய் வைத்தியர். அந்நாட்டில் அத்துறை வைத்தியரின் தொகையை விரல்விட்டு எண்ணிவிடலாம். 2017ஆம் ஆண்டில் அவர் ஓர் அரங்கிலே பேசியபோது, ஏறக்குறைய 1 கோடியே 40 இலட்சம் மக்களுக்கு 12 பேர் என்று கணக்குச் சொன்னார். 2005ஆம் ஆண்டிலே அவரிடம் சிகிச்சை பெற்றுவந்த இளம்பெண் ஒருத்தி, நெடுந்தொலைவிலுள்ள கிராமமொன்றில் வாழ்ந்தவள், தன் உயிரைத் தானே மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்தாள். அவளைத் தம்மிடம் அழைத்து வருமாறு வைத்தியர் சொல்லியனுப்பினார். தாயும் இசைந்தாள். நாட்கள் கழிந்தன, வாரங்களும் கழிந்தன, அவர்கள் வரவில்லை. பின்னர் வந்தது, மகள் இறந்துவிட்டாள் என்ற செய்தியே. ‘ஏன் அழைத்து வரவில்லை?’ என்று வைத்தியர் வினவியதற்குத் தாய் கூறிய விடை மிகச் சுருக்கமானது. பஸ் கட்டணம் 15 டொலர். அது அவர்கள் கையில் இல்லை.

வைத்தியர் இருந்தார்; மருந்தும் இருந்தது; நோயைக் குணப்படுத்தும் முறையும் தெரிந்திருந்தது. இல்லாதது வழிச்செலவு ஒன்றே. ஓர் உயிருக்கும் வைத்தியத்துக்கும் இடையே 15 டொலர் குறுக்கே நின்றது என்ற உண்மை சிபண்டாவின் உள்ளத்தில் முள்ளாய்த் தைத்தது. பெரிய கட்டடத்துக்குள்ளே தாம் அமர்ந்திருக்க, மக்கள் தம்மை நாடி வருவர் என்ற எண்ணத்தை அன்றே அவர் கைவிட வேண்டியதாயிற்று.

அதே 2005ஆம் ஆண்டிலே அந்நாட்டு அரசாங்கம் நகர்ப்புறங்களில் அனுமதியின்றி எழுந்த குடிசைகளையும் கடைகளையும் இடித்துத் தள்ளும் நடவடிக்கையொன்றை மேற்கொண்டது. அதனால் ஏறக்குறைய 7 இலட்சம் மக்கள் வீட்டையோ, தொழிலையோ, இரண்டையுமோ இழந்தனர் என்று ஐக்கிய நாடுகள் சபையின் அறிக்கை கூறிற்று. ஹராரே நகரின் பழைய குடியிருப்புக்களில் ஒன்றாகிய ம்பாரேயும் அத்துயரில் அகப்பட்டது. வீடிழந்தோரும் தொழிலிழந்தோரும், எயிட்ஸ் நோயினால் உற்றாரைப் பறிகொடுத்தோரும் அங்கே நிறைந்திருந்தனர். அவர்களுக்கு ஏதேனுஞ் செய்தல் வேண்டும் என்று சிபண்டா முன்வந்தார். ஆனால் பணம் இல்லை; தாதியரைத் தர இயலவில்லை, அவர்களுக்கோ வேறு வேலைகள் மிகுதி; சிகிச்சை நிலையத்துக்குள் ஓர் அறைகூட இல்லை. அவருக்குக் கிடைத்த துணை, அப்பகுதியிலே சுகாதாரத் தொண்டு செய்துவந்த 14 மூதாட்டியர் மட்டுமே.

இம்மூதாட்டியர் யாவர்? 1980ஆம் ஆண்டிலே சிம்பாப்வே சுதந்திரம் அடைந்த பின்னர், அப்பத்தாண்டிலே நகர சுகாதாரப் பகுதியினர், அவ்வவ்விடத்துப் பெண்களையே தெரிந்து, வீடுவீடாகச் சென்று சுகாதாரம் பேசும் பணியில் அமர்த்தினர். குழந்தைக்கு ஊசி போட்டாயிற்றா, குடிக்குந் தண்ணீர் தூய்மையானதா, காசநோய்க்காரன் மருந்தைத் தவறாது உட்கொள்கின்றானா என்று விசாரிப்பது அவர்கள் வேலை. மக்கள் அவர்களை ‘அம்புயா உட்டானோ’ என்று அழைத்தனர். ‘அம்புயா’ என்றாற் பாட்டி. ‘உட்டானோ’ என்றாற் சுகம். சுகாதாரப் பாட்டி என்று சொல்லலாம். நம்மூர் வழக்கிற் சொன்னால் சுகாதார ஆச்சி. பெரும்படிப்புப் படித்தவர் அல்லர். ஆயினும் எந்த வீட்டிலே அடுப்பு எரியவில்லை, எந்த வீட்டிலே கணவன் கையோங்குகின்றான், எந்த வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடம் போகாது நின்றது என்பவற்றை எந்தப் பதிவேட்டிலும் பார்க்க வேண்டாதவர்.

இவர்களைக் கொண்டு உளநோய்க்குச் சிகிச்சை செய்வது கைகூடுமா என்று முதலில் வைத்தியரே ஐயுற்றார். அவ்வாறு ஐயுற்றதைப் பிற்காலத்தில் அவர் மறைக்கவில்லை. வேறு வழியின்மையால் தொடங்கிய வேலை அது. தொடங்கிய பின்னரே, வேறு வழி இருந்திருந்தாலும் இவ்வழியே சிறந்தது என்பது அவருக்குப் புலப்பட்டது.

2006ஆம் ஆண்டிலே ம்பாரேயில் வேலை தொடங்கிற்று. உள்ளே இடமில்லாமையாற் சிகிச்சை நிலையத்தின் வெளியே, மரநிழலில், ஒரு மரவாங்கு போடப்பட்டது. அதற்கு வைத்தியர் இட்ட பெயர் ‘உளநல வாங்கு’ என்பது. மூதாட்டியர் அப்பெயரை ஒப்பவில்லை. அப்படியொரு பெயர் தாங்கிய வாங்கிலே ஊரார் பார்க்க வந்து எவரும் அமரமாட்டார் என்றனர். ‘அவளுக்குப் பைத்தியம்’ என்ற பழிச்சொல்லுக்கு அஞ்சாத பெண் எங்கே இருக்கின்றாள்? பெயரை மாற்றுங்கள் என்றனர். அவ்வாறே அது ‘நட்பு வாங்கு’ ஆயிற்று. இது சிறிய மாற்றம்போலத் தோன்றலாம். ஆனால் இம்முயற்சியின் தலைமை யாரிடம் இருந்தது என்பதை இந்நிகழ்ச்சி காட்டிவிடுகின்றது. மருத்துவ நூல் கற்றவர் நோயின் பெயரை அறிந்திருந்தார்; ஊரை அறிந்தவர்களோ, எப்பெயர் சொன்னால் நோயாளி வருவாள், எப்பெயர் சொன்னால் ஓடுவாள் என்பதை அறிந்திருந்தனர். கற்றவர் கற்பிக்க வந்த இடத்திலே தாமும் மாணாக்கராகியதனாலேதான் அவ்வாங்கு வெறுமையாய்க் கிடவாது நிறைந்தது.

நோயின் பெயரிலும் இவ்வாறே நேர்ந்தது. மனச்சோர்வு என்பதற்கு மேல்நாட்டு வைத்தியத்தில் வழங்குஞ் சொல் ஷோனா மொழி பேசும் மக்களுக்கு அந்நியமானது. அவர்களிடையே வழங்குஞ் சொல் ‘குஃபுங்கிசிசா’. அளவுக்கு மிஞ்சி எண்ணமிடுதல் என்பது அதன் பொருள். இரவிலே உறக்கமின்றி ஒரே நினைவைத் திரும்பத் திரும்பச் சுழற்றிக்கொண்டிருக்கும் மனத்தை அச்சொல் சரியாகப் படம்பிடிக்கின்றது. ஈழத்துத் தமிழர்க்கு இச்சொல்லை விளக்க வேண்டியதில்லை. ‘யோசனை’ என்னுஞ் சொல்லுக்கு நூல்வழக்கிற் சிந்தனை என்று பொருளிருக்க, நம் பேச்சு வழக்கிலே அது கவலையையே குறிக்கின்றது. ‘பிள்ளை ஒரே யோசனையாய் இருக்கிறாள்’ என்று ஒரு தாய் சொல்வாளாயின், மகள் தத்துவ விசாரஞ் செய்கின்றாள் என்று எவரும் விளங்கிக்கொள்ளார். ‘யோசிக்காதே’ என்பது நம்மிடையே ஆறுதல்மொழி. நெடுங்கடலுக்கு அப்பால் வாழும் மக்களும் மனநோவை அதே சொல்லாற் சுட்டுகின்றனர் என்பது வியப்பே.

இனி, அவ்வாங்கிலே நிகழ்வது யாது? கணவனை இழந்த பெண் ஒருத்தி சிகிச்சை நிலையத்துக்குத் தலையிடி என்று வருகின்றாள் என்று கொள்ளலாம். அவளிடத்துப் பதினான்கு வினாக்கள் கேட்கப்படுகின்றன. இவ்வினாக்கொத்து 1990களில் ஹராரேயிலே ஆராய்ச்சி செய்த இந்திய உளமருத்துவர் விக்ரம் பட்டேல் முதலானோர், ஷோனா மக்கள் தம் துயரைச் சொல்லும் பாங்கை உற்றுக்கேட்டு வகுத்தது. சென்ற கிழமையிலே பல காரியங்களைப் பற்றி மிகுதியாய் எண்ணமிட்டதுண்டா? உறக்கம் கெட்டதுண்டா? அழவேண்டும்போலிருந்ததுண்டா? அற்பக் காரியத்துக்கும் அஞ்சியதுண்டா? வேலை பின்தங்கியதுண்டா? உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றியதுண்டா? இவ்வாறு செல்லும் அவை. ‘ஆம்’ என்ற விடைகள் ஓரளவுக்கு மேற்பட்டால், அப்பெண் வெளியே மரத்தடியிலிருக்கும் பாட்டியிடம் அனுப்பப்படுகின்றாள்.

பாட்டி அவளுக்கு இடம்விட்டு அமர்கின்றாள். மேசை குறுக்கே இல்லை. வெள்ளைச் சட்டை இல்லை. சிகிச்சை மூன்று படிகளாக அமைந்தது. முதலாவது மனந்திறத்தல். வந்தவள் தன் துன்பங்களை எல்லாம் கொட்டித் தீர்க்கும்வரை பாட்டி செவிசாய்க்கின்றாள். வாடகை பாக்கி, மாமியார் வசை, மகனின் காய்ச்சல், தன் உடலிலுள்ள கிருமியைப் பற்றிய அச்சம் என்று ஒன்றின் பின் ஒன்றாக வரும். இரண்டாவது மேலெடுத்தல். அத்துன்பங்களுள் எதனை முதலிலே பற்றுவது என்று கேட்கப்படுகின்றது. தெரிந்தெடுப்பவள் வந்தவளே, பாட்டி அல்லள். தெரிந்தெடுத்த ஒன்றைத் தீர்ப்பதற்கு என்னென்ன வழிகள் உண்டு என்று இருவருஞ் சேர்ந்து எண்ணிப் பார்க்கின்றனர். அவற்றுள் இன்றே, தன் கையிலுள்ளதைக் கொண்டே செய்யக்கூடிய ஒரு வழியை வந்தவள் வகுத்துக்கொள்கின்றாள். மூன்றாவது வலுவூட்டல். போய்ச் செய்து பார்த்துத் திரும்பி வருகின்றாள், கைகூடியதையும் கைகூடாததையுஞ் சொல்கின்றாள், மறுபடியும் முயல்கின்றாள். ஏறக்குறைய ஆறு தடவை இவ்வாறு சந்திப்பு நிகழும்.

இம்முறையின் நுட்பம் யாதெனின், பத்துத் துன்பங்களையும் ஒருங்கே சுமப்பவளைப் பார்த்து, ‘பத்தையும் இறக்கிவை’ என்று சொல்லாது, ‘ஒன்றை இறக்கு’ என்று சொல்வதே. வாடகை பாக்கியைத் தீர்க்க வீட்டுக்காரனிடம் ஒரு மாதத் தவணை கேட்பது எனும் சிறு காரியம் கைகூடுமாயின், அவள் நெஞ்சில் நெடுநாளாய் இல்லாத ஒன்று துளிர்க்கின்றது: தன்னாலும் ஆகும் என்ற நினைவு. மனச்சோர்வு முதலிலே பறித்துக்கொள்வது அந்நினைவைத்தான். உலகத்தார் பலர் ஆறுதல் என்ற பெயரிலே உபதேசத்தைப் பொழிவர். நீண்ட வாழ்நாளின் அனுபவம் உள்ள பாட்டிக்கோ சொல்வதற்கு உபதேசம் நிறையவே உண்டு. அதனைச் சொல்லாது அடக்கிக்கொண்டு, ‘நீ என்ன நினைக்கிறாய், மகளே?’ என்று கேட்கப் பழகுவதே அவள் பெற்ற பயிற்சியின் அரிய பகுதி எனலாம்.

கல்லாதார் கையில் உளநோய்ச் சிகிச்சையை ஒப்படைப்பது தகுமா என்று கேட்பார் உண்டு. கேட்கவேண்டிய கேள்வியே அது. ஏழை நாட்டுக்கு இது போதும் என்று இரண்டாந்தரமான பொருளைத் தள்ளிவிடுதல் அறமாகாது. இவ்வினாவுக்கு விடை காண்பதற்குச் சிபண்டாவும் அவருடன் சேர்ந்த ஆராய்ச்சியாளரும் சோதனை நடத்தினர். ஹராரேயிலுள்ள 24 சிகிச்சை நிலையங்களிலே, மனத்துயர் மிகுந்த 573 பேர் தெரியப்பட்டனர். அவருட் பெரும்பாலார் பெண்கள். ஐந்தில் இரண்டு பங்கினருக்கு மேற்பட்டோர் எயிட்ஸ் நோய்க் கிருமியுடன் வாழ்பவர். அவருள் ஏறக்குறையப் பாதிப்பேர் பாட்டியரின் வாங்குக்கு அனுப்பப்பட்டனர். ஏனையோருக்கு வழமையான கவனிப்பே சற்றுச் செம்மைப்படுத்தி வழங்கப்பட்டது. ஆறு மாதங் கழித்துப் பார்த்தபோது, வழமையான கவனிப்பைப் பெற்றவருள் நூற்றுக்கு 49.9 பேர் இன்னும் மனச்சோர்வின் அறிகுறிகளோடு இருந்தனர். வாங்கில் அமர்ந்து எழுந்தவருள் அவ்வாறு இருந்தோர் நூற்றுக்கு 13.7 பேர் மட்டுமே. அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழ் இம்முடிபை 2016ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் வெளியிட்டது. அத்தகைய இதழ் இரக்கத்துக்காக எதனையும் அச்சிடுவதில்லை.

ஆயினும் இவ்வாங்கு எல்லா நோய்க்கும் மருந்தாகிவிடாது. இல்லாத குரலைக் கேட்பவர், தம்மை மறந்து திரிபவர், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் முற்றியவர் முதலானோர்க்கு வைத்தியரின் கையும் மருந்தும் இன்றியமையாதன. அத்தகையோரை இனங்கண்டு தாமதமின்றி மேலிடத்துக்கு அனுப்புவதும் பாட்டியின் கடமைகளுள் ஒன்று. அவளுக்கு மேலே மேற்பார்வை செய்வோர் உளர். அவர்க்கு மேலே உளமருத்துவர் உளர். எல்லை அறிந்து நிற்கும் அறிவும் அறிவே. எண்ணிறந்த மக்களின் மனச்சோர்வையும் அச்சத்தையும் மூதாட்டியர் ஏற்றுக்கொள்வதனாலே, நாட்டிலுள்ள சில வைத்தியர்க்கும் கடுநோய் உற்றவரைக் கவனிக்க நேரம் வாய்க்கின்றது. ஆகவே இது வைத்தியரை விலக்கும் ஏற்பாடு அன்று. வைத்தியரை அவர் செய்யவேண்டிய வேலைக்கு விடுவிக்கும் ஏற்பாடு.

இன்னொரு கேள்வியும் உண்டு. பசியினாலும் வேலையின்மையாலும் வந்த சோர்வைப் பேச்சினாலே போக்கிவிட முடியுமா? முடியாது என்பதை மூதாட்டியர் எல்லாருக்கும் முன்னரே அறிவர். அவர்களும் அதே தெருவில், அதே விலைவாசியில் வாழ்பவரல்லரோ? ஆதலால் வாங்கிலே தனித்தனியாக வந்து சென்ற பெண்கள் பின்னர் ஒருங்குகூடும் வட்டங்கள் அமைந்தன. அவ்வட்டங்களுக்கு வழங்கும் பெயருக்கு எல்லோரும் கைகோத்தல் என்பது பொருள். அங்கே வட்டமாக அமர்ந்து, பழைய பிளாஸ்டிக் பொருளைக் கீறி நூலாக்கிப் பைகள் பின்னுகின்றனர். விற்றுச் சிறு வருவாய் பெறுகின்றனர். கை பின்னிக்கொண்டிருக்கும்போது வாய் பேசுகின்றது. முன்னே தனக்கு மட்டுமே நேர்ந்தது என்று நினைத்திருந்த துன்பம் பக்கத்திலிருப்பவளுக்கும் நேர்ந்தது என்று அறிகின்ற பெண், அன்றிலிருந்து தன்னை வேறுவிதமாய் மதிக்கத் தொடங்குகின்றாள்.

ம்பாரேயிலே பதினான்கு பேருடன் தொடங்கிய வேலை ஹராரே முழுவதற்கும், சிட்டுங்விசா, குவேரு என்னும் நகரங்களுக்கும் பரந்தது. மலாவி நாட்டாரும் சன்சிபார்த் தீவினரும் அதனை மேற்கொண்டனர். செல்வத்திலே குறைவில்லாத நியூயோர்க் நகரத்திலும் அத்தகைய வாங்குகள் போடப்பட்டன. அங்கே பாட்டியருக்குப் பதிலாக, தாமே அத்தகைய துயரில் வீழ்ந்து மீண்டெழுந்தோர் அமர்ந்தனர். பொருள் மிகுந்த நாட்டிலும் ஒருவர் சொல்வதை இருந்து கேட்பதற்கு ஒருவர் இல்லாமை பெருங்குறை என்பதற்கு இதுவே சான்று. வழமையாக வடக்கிலிருந்து தெற்கே செல்லும் மருத்துவ அறிவு, இம்முறை தெற்கிலிருந்து வடக்கே சென்றது.

இவ்வளவு பயன் விளைந்ததற்குக் காரணம் வாங்கு அன்று. மரப்பலகை எந்த ஊரிலும் உண்டு. மூதாட்டியரும் எந்த ஊரிலும் உளர். அவர்களுக்கு முறையான பயிற்சி தந்து, மேற்பார்வை தந்து, அவர்கள் சொல்வதைத் தாமுங் கேட்டு, தலைமையை அவர்களிடம் ஒப்படைக்கத் துணிந்த வைத்தியர்களும் சுகாதார அதிகாரிகளும் அமைவதே அரிது. ஊர்விட்டு ஊர் பெயராதவர், பதவி உயர்வு தேடி நகரத்துக்குப் போகாதவர், ஊராரின் நம்பிக்கையை முன்னமே பெற்றவர் என்னும் தகுதிகள் எந்தப் பல்கலைக்கழகமும் வழங்கக்கூடிய பட்டங்கள் அல்ல. அவை ஒவ்வொரு தெருவிலும் எவராலும் கேட்கப்படாமற் கிடக்கின்றன. ‘கிழவிக்கு என்ன தெரியும்?’ என்ற சொல்லே அவற்றின்மேல் மூடிக்கிடக்கும் மண்.

சிபண்டா இழந்த இளம்பெண்ணை எந்த வாங்கும் மீட்டுத் தராது. அவளைப்போன்ற மற்றொருத்தி இன்று ம்பாரேயிலே துயருற்றிருப்பாளாயின், அவள் பஸ் கட்டணத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. தெருவைக் கடந்து சிகிச்சை நிலையத்துக்கு நடந்து போனாற் போதும். அங்கே மரநிழலில் ஒரு பாட்டி அமர்ந்திருப்பாள். சிறிது நகர்ந்து இடம் விடுவாள்.